ஆசியக் கிண்ண ஃபுட்சால் விதியோட யாழ்ப்பாணத்தில ஒரு போட்டி: தளம், மணிக்கூடு, ஃபவுல் கணக்கு

கோட்டைமுனை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் எல்லாருக்கும். எட்டு ரீமை வைச்சு, உள்ளரங்கில, நாடுகளுக்கிடையில நடக்கிற ஆசியக் கிண்ண ஃபுட்சாலில (ரீமுக்கு ஐஞ்சு பேர் விளையாடுற உள்ளரங்கு உதைபந்து) என்ன விதியோ அதே விதியோட ஒரு போட்டி நடத்துற யோசினை. இஞ்சை ஐஞ்சு பேர் ஆட்டம் எண்டு நடக்கிறதெல்லாம் வலை கட்டின செயற்கைப் புல்லில, ஓடுற மணிக்கூட்டில, ஒரேயொரு மத்தியஸ்தரோடதான். பந்து வலையில பட்டுத் திரும்பி வந்தாலும் ஆட்டம் போகும். அது வேண்டாம்.

இப்ப இருக்கிற கேள்வியள்:

கூடைப்பந்துக் கோடு போட்ட உள்ளரங்கு ஒண்டு கிடைக்கும்போல இருக்கு. அந்தக் கோட்டையே எல்லையா எடுக்கலாமோ?

நேரமும் ஃபவுலும் குறிக்கிற மேசையில எத்தினை பேர் வேணும், என்ன சாமான் வேணும்?

பத்து நிமிசம் பத்து நிமிசமா வைச்சா ஒரு நாளிலயே முடிச்சிடலாம். அது சரிவருமோ?

ஈரான் 12 தரம் சம்பியனான ஆட்டம் இது. நாங்கள் சும்மா ஐஞ்சு பேரை இறக்கிப்போட்டு ஃபுட்சால் எண்டு சொல்லக்கூடாது எண்டு நினைக்கிறன்.

திண்ணை

12 இல்லை, 2024 வரைக்கும் 13. 2024இல பாங்கொக்கில தாய்லாந்தை 4-1 எண்டு வெண்டதைச் சேர்க்க மறந்திட்டியள். 1999இல கோலாலம்பூரில தொடங்கினதில இருந்து 2024 வரைக்கும் 17 தொடர் நடந்தது. 13 ஈரானுக்கு, 4 ஜப்பானுக்கு (2006, 2012, 2014, 2022). அதுவரைக்கும் வேற ஒரு நாடும் கிண்ணத்தைத் தொடேல்லை. 2020இல துர்க்மெனிஸ்தானில நடக்க இருந்தது கொரோனாவால நிண்டுபோச்சு.

மற்றக் கேள்வியளுக்கு அளவு தெரிஞ்ச ஆக்கள் வருவினம். நான் வாசலில இருக்கிறன்.

அளவுநாடா

கூடைப்பந்துத் தளத்தின் எல்லைக்கோட்டைப் பயன்படுத்த முடியாது. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

கூடைப்பந்துத் தளம் 28 × 15 மீற்றர். ஃபுட்சாலில் சர்வதேசம் அல்லாத ஆட்டத்துக்கே நீளம் 25 முதல் 42, அகலம் 16 முதல் 25 மீற்றர் வேண்டும். நீளம் போதும், அகலத்தில் ஒரு மீற்றர் குறைகிறது. ஒரு மீற்றர்தானே என்று விட்டால் தண்டப் பரப்பை வரையும்போது மாட்டிக்கொள்வீர்கள். ஒவ்வொரு கோல் கம்பத்தின் வெளி ஓரத்தில் இருந்தும் 6 மீற்றர் ஆரையில் கால்வட்டம் போட்டு, இரண்டையும் 3.16 மீற்றர் நேர்கோட்டால் இணைக்கிறோம். 3.16 எங்கிருந்து வருகிறது என்றால், கம்பங்களுக்கு இடையில் உள்ளளவு 3 மீற்றர், ஒவ்வொரு கம்பமும் 8 சென்ரிமீற்றர். ஆக கோல் கோட்டில் தண்டப் பரப்பின் அகலம் 6 + 3.16 + 6 = 15.16. பதினைந்து மீற்றர் தளத்துக்குள் அது அடங்காது. கால்வட்டம் பக்கக் கோட்டுக்கு வெளியே விழும்.

வலைப்பந்துத் தளமும் அப்படித்தான். 30.5 × 15.25, பரப்பு மயிரிழையில் அடங்கினாலும் அகலம் 16க்குக் குறைவு. கைப்பந்துத் தளம்தான் அச்சொட்டாகப் பொருந்தும்: 40 × 20, கோலும் அதே 3 × 2. கைப்பந்துக் கோல் எங்காவது கிடந்தால் அதையே கேட்டு வாங்குங்கள்.

ஆகவே உள்ளே இருக்கும் கோடுகளை மறந்துவிட்டு, அரங்கின் சுவருக்குச் சுவர் எவ்வளவு என்று அளந்து எழுதுங்கள். கூரையின் மிகத் தாழ்ந்த உத்தரத்தின் உயரமும் வேண்டும். குறைந்தது 4 மீற்றர். பந்து கூரையில் பட்டால் எதிரணிக்குப் பக்க உதை (பக்கக் கோட்டில் பந்தை வைத்து உதைப்பது).

கோட்டைமுனை

நன்றி அண்ணை. அளந்து பார்த்தாச்சு. சுவருக்குச் சுவர் 36 × 21. கூரை 7க்கு மேல.

அளவுநாடா

அப்படியென்றால் 32 × 18 போடுங்கள். சுற்றி ஒன்றரை, இரண்டு மீற்றர் வெறுமையாக விட்டே ஆகவேண்டும். முழு வேகத்தில் ஓடுகிறவர் சுவரில் போய் மோதாமல் நிற்க அதுவே மட்டுமட்டு. கோலுக்குப் பின்பக்கச் சுவரில் மெத்தை சாத்துங்கள். கோலின் ஆழமே அடியில் ஒரு மீற்றர், அதை மறக்கவேண்டாம்.

சர்வதேச ஆட்டத்துக்கு நீளம் 38இல் இருந்து 42, அகலம் 20இல் இருந்து 25. அது உங்கள் அரங்கில் வராது. வராததை வந்ததாகக் காட்டத் தேவையில்லை. அளவு சுருங்கினாலும் 6 மீற்றர் பரப்பு, 6 மீற்றர் தண்டப் புள்ளி, 10 மீற்றர் இரண்டாம் புள்ளி, 3 மீற்றர் நடுவட்டம் நான்கையும் சுருக்காதீர்கள்.

கோடு 8 சென்ரிமீற்றர் அகலம். கடையில் கிடைப்பது பெரும்பாலும் 48 மில்லிமீற்றர் ரேப். இரண்டு வரி ஒட்டி, ஒன்றின்மேல் மற்றது 16 மில்லிமீற்றர் ஏறவிட்டால் சரியாக 80 வரும். நீளக் கணக்கு:

சுற்றளவு 100, நடுக்கோடு 18, நடுவட்டம் 18.85, இரண்டு தண்டப் பரப்பும் சேர்த்து 44, மூலை வளைவுகள் நான்கும் (25 சென்ரிமீற்றர் ஆரை) 1.6, மாற்று வலயக் (ஆட்டக்காரர் மாறும் இடம்) கோடுகள் நான்கும் 3.2. மொத்தம் 186 மீற்றர் அளவில். இரு வரி என்பதால் 372. முப்பத்துமூன்று மீற்றர் சுருள் என்றால் கணக்குக்கு 12 மட்டுமட்டு. வளைவில் வீணாவதையும் சேர்த்து 14 வாங்குங்கள்.

வளைவில் அகல ரேப்பை இழுத்து வளைக்காதீர்கள். 6 மீற்றர் ஆரையில் வினைல் ரேப் மெதுவாக வளையும், ஆனால் இழுபட்ட ரேப் இரவோடு இரவாகச் சுருங்கி ஓரம் கிளம்பும். அந்தக் கிளம்பிய ஓரத்தில்தான் சப்பாத்து நுனி மாட்டும். 24 மில்லிமீற்றர் ரேப்பாக நான்கு வரி போடுவது நல்லது. மூலை வளைவை துண்டு துண்டாக வெட்டித்தான் ஒட்டவேண்டும்.

மூலை மட்டம் பார்க்க மூலைவிட்டம்: 32 × 18க்கு 36.72 மீற்றர். இரண்டு மூலைவிட்டமும் ஒரு சென்ரிமீற்றருக்குள் ஒத்துவந்த பிறகு ரேப்பைத் தொடுங்கள். சோக்கால் முதலில் நூலடித்துக் கோடு போடுங்கள்.

நாவற்குழிக் காத்து

இவ்வளவு பாடு எதுக்கு? செயற்கைப் புல் மைதானத்தில வைச்சா சனமும் வரும், மின்விளக்கும் இருக்கு. வலையைக் கொஞ்சம் தள்ளிக் கட்டினாச் சரி. பேர்தானே ஃபுட்சால்.

பிவோ_10

தம்பி, பேரில இல்லை விசயம். புல்லில பந்து நிக்கும், இழுபடும். ஃபுட்சாலில பந்தை உள்ளங்காலாலதான் அடக்கிறது. சப்பாத்தின்ர அடிப்பகுதி பந்துக்கு மேல, பந்து காலடிக்குக் கீழ, ஒரு அடி பின்னால இழுத்தா எதிராளி கடந்து போயிடுவார். அதுக்குப் பந்து துள்ளக்கூடாது, தளம் வழுவழுப்பா சமனா இருக்கவேணும். புல்லில உள்ளங்காலைப் போட்டா ரேர்வ் துகளோட சேர்ந்து பந்து எங்கையோ போகும். அதால எல்லாரும் உள்பக்கத்தால அடக்கப் பழகினம். பிறகு மரத்தளத்தில விட்டா ஒவ்வொரு பந்தும் ஒரு முழம் தள்ளிப் போகுது.

விதியிலயும் தளம் மரமோ செயற்கைப் பொருளோ எண்டுதான் இருக்கு. கொங்கிறீற்றும் தாரும் தவிர்க்கச் சொல்லியிருக்கு. செயற்கைப் புல் உள்ளூர்ப் போட்டிக்கு விதிவிலக்கா மட்டும்.

இலங்கை அணிக்குத் தெரிவு எண்டு வந்தாலும் பெடியளை மதிப்பிடப்போறது உள்ளரங்குத் தளத்திலதான்.

கோல்காப்பு

பந்தைப் பற்றி யாரும் சொல்லேல்லை. 5ஆம் இலக்கப் பந்து வேண்டாம். ஃபுட்சால் பந்து 4ஆம் இலக்கம்: சுற்றளவு 62–64 சென்ரிமீற்றர், நிறை 400–440 கிராம், காற்று 0.6–0.9 வளிமண்டலம். பம்பில இறாத்தல் கணக்கெண்டா 9க்கும் 13க்கும் இடையில.

சோதிக்கிறது லேசு. சுவரில 50, 65, 200 சென்ரிமீற்றரில மூண்டு கோடு கீறுங்கோ. 2 மீற்றர் கோட்டில இருந்து பந்தைச் சும்மா விடுங்கோ, எறியாதேங்கோ. முதல் துள்ளல் 50க்கும் 65க்கும் இடையில நிண்டா நல்ல பந்து. 80க்குத் துள்ளினா அது சாதாரண உதைபந்தின்ர சின்னப் பதிப்பு, மேல்ப்பூச்சில ஃபுட்சால் எண்டு அடிச்சிருந்தாலும்.

எங்கட வெயிலில ஒரு சங்கதி: பந்துப் பையை முற்றத்திலயோ வாகனத்துக்குள்ளயோ விட்டா காற்றழுத்தம் ஏறிடும். அரங்குக்குள்ள கொண்டுவந்து அரை மணித்தியாலம் வைச்ச பிறகுதான் மானி பிடிக்கவேணும். சூட்டோட அளந்து காத்தைத் திறந்துவிட்டா இரண்டாம் பாதியில பந்து சப்பையாப் போகும்.

மேசை மத்தியஸ்தர்

இனி என்ர பகுதி. ஐஞ்சு பேர் விளையாடுறதால ஒரு ஆட்டம் ஃபுட்சால் ஆகாது. மேசை இருந்தாத்தான் ஃபுட்சால். ஆசியக் கிண்ணத்தில ஒரு ஆட்டத்துக்கு நாலு பேர்: முதல் மத்தியஸ்தர், இரண்டாம் மத்தியஸ்தர் (ஆளுக்கொரு பக்கக் கோட்டில), மூண்டாம் மத்தியஸ்தர், நேரக் கணிப்பாளர். கடைசி இரண்டு பேரும் மேசையடியில. இரண்டு பேர் கோட்டிலயும் ஒராள் மேசையிலயும் எண்டு குறைச்சுப் பாக்கலாம் எண்டு யோசிப்பியள். யோசிக்காதேங்கோ. மணிக்கூட்டில கை வைச்சிருக்கிறவர் வேற ஒண்டையும் பாக்க ஏலாது.

மணிக்கூடு. 20 நிமிசம், 20 நிமிசம், நிறுத்து மணிக்கூடு. பந்து வெளியால போனா நிப்பாட்டு, உதை சரியா எடுத்துப் பந்து ஆட்டத்துக்கு வந்தாத்தான் ஓட்டு. இதால 40 நிமிசம் எண்டது உண்மையில ஒண்டேகால் மணியில இருந்து ஒண்டரை மணி வரைக்கும் போகும். ஒரு ஆட்டத்துக்கு இரண்டு மணித்தியாலம் ஒதுக்குங்கோ. ஓடுற மணிக்கூட்டில பத்துப் பத்து வைச்சா, முன்னுக்கு நிக்கிற ரீம் பந்தைச் சனத்துக்குள்ள உதைஞ்சுபோட்டு நிக்கும். நிறுத்து மணிக்கூட்டில அந்த விளையாட்டுக்கு வேலையே இல்லை.

மடிக்கணினியில மணிக்கூட்டை ஓட்டி ரீவீயில காட்டுறதெண்டா திரை தானா அணையிற ஒழுங்கை முதலே நிப்பாட்டுங்கோ. மின்சாரம் போனா ரீவீ போகும், கணினி பற்றறியில நிக்கும். அதால பக்கத்தில ஒரு கை மணிக்கூடும் சமாந்தரமா ஓடவேணும். ஒவ்வொரு முறையும் நிப்பாட்டேக்கை மிச்ச நேரத்தைத் தாளில எழுதுங்கோ.

மேசையின்ர ஒலி விசில் மாதிரி இருக்கக்கூடாது. காத்து ஊதி ஒண்டு வாங்குங்கோ. விசில் சத்தத்தில முடிவு அறிவிச்சா, கோல் விழுந்தது முதலோ சத்தம் முதலோ எண்டு சண்டை வரும்.

ஃபவுல். நேரடி உதை குடுக்கிற ஒவ்வொரு ஃபவுலும், தண்ட உதையும், ரீமின்ர கணக்கில ஏறும். ஒரு பாதிக்கு ஐஞ்சு வரைக்கும் உதைக்கு முன்னால ஆக்கள் நிண்டு சுவர் கட்டலாம். ஆறாவதில இருந்து சுவர் இல்லை, 10 மீற்றர் புள்ளியில இருந்து நேரா கோலுக்கு. 10 மீற்றர் கோட்டுக்கும் கோல் கோட்டுக்கும் இடையில ஃபவுல் நடந்திருந்தா, புள்ளியில வைக்கிறதோ நடந்த இடத்தில வைக்கிறதோ அடிக்கிற ரீமின்ர விருப்பம். பாதி முடிய கணக்கு பூச்சியம். மேலதிக நேரம் (5 + 5) வந்தா மட்டும் இரண்டாம் பாதிக் கணக்கு தொடரும்.

மேசையில ரீமுக்கு ஒண்டா புரட்டுற இலக்கப் பலகை. ஐஞ்சாவது ஏறினதும் அந்த ரீமின்ர பக்கத்தில பெரிய 5 அடையாளம் ஒண்டை நட்டு வையுங்கோ, எல்லாருக்கும் தெரியிற மாதிரி. தாளில இப்பிடி எழுதுங்கோ: «நீலம் – 7 – 12:41». சட்டை இலக்கமும் மிச்ச நேரமும். பயிற்றுநர் வந்து «அது நாலுதான்» எண்டு நிண்டா, தாளைத் திருப்பிக் காட்ட அலுவல் முடிஞ்சுது.

பெரிய பிழை எங்க நடக்குமெண்டா, மத்தியஸ்தர் ஃபவுல் பட்ட ரீமுக்கு அனுகூலம் குடுத்து, விசில் ஊதாமல் ஆட்டத்தை விடேக்கை. ஃபவுல் கணக்கில ஏறோணும், ஆனா விசில் இல்லை. பந்து நிண்ட உடன அவர் கையைக் காட்டி மேசைக்கு அறிவிக்கவேணும். அவர் மறந்தா மேசைக்குத் தெரியாது. ஆட்டம் தொடங்க முதலே நாலு பேரும் இதைக் கதைச்சு வையுங்கோ.

ரைம் அவுட். பாதிக்கு ஒண்டு, ஒரு நிமிசம். மேசையில கேக்கவேணும், பந்து வெளியால இருந்து தன்ர ரீமுக்குக் கிடைக்கிற நேரத்திலதான் கிடைக்கும். முதல் பாதியில எடுக்காட்டி அது போச்சு, இரண்டாம் பாதிக்கு வராது. மேலதிக நேரத்தில இல்லவே இல்லை. தண்ணி குடிக்கிறதெண்டா கோட்டுக்கு வெளியால.

மாற்று. நடுக்கோட்டில இருந்து 5 மீற்றர் தள்ளி 5 மீற்றர் நீளம், இரண்டு முனையிலயும் 80 சென்ரிமீற்றர் கோடு, பாதி உள்ளுக்கு பாதி வெளியால. வெளியால வாறவர் முழுசா வந்த பிறகுதான் மற்றவர் உள்ளுக்கு. உள்ளுக்குப் போறவர் தன்ர மேலங்கியை வாறவரின்ர கையில குடுத்திட்டுப் போவார். அந்தக் கைமாற்றம் இருந்தா முந்தி ஓடுற பிரச்சினை தானா நிண்டிடும். முந்திப் போனா மஞ்சள் அட்டை. பாதி மாற இருக்கையளும் மாறும், தாங்கள் காக்கிற பக்கத்தில தங்கட வலயம்.

திண்ணை

உங்களுக்கு ஆட்டத்தை விட மேசை பிடிக்கும்போல.

மேசை மத்தியஸ்தர்

ஓம்.

நாவற்குழிக் காத்து

சரி, ஒத்துக்கொள்ளுறன். ஆனா ஐஞ்சு ஃபவுல் எண்டா எங்கட ஆக்கள் நாலாவது நிமிசத்திலயே முடிச்சிடுவினம். சறுக்கி அடிச்சாலே ஃபவுல் எண்டு சொல்லுறவை. தோள் குடுத்தாலும் ஃபவுல். பிறகு என்னத்தை விளையாடுறது? சிவப்பு அட்டைக்கு ஐஞ்சு நிமிசம் ஆள் குறைவு எண்டும் கேள்வி.

மேசை மத்தியஸ்தர்

மூண்டும் பிழை, தம்பி.

சறுக்குறது தானா ஒரு குற்றம் எண்டது பழைய விதி. இப்ப இல்லை. கவனயீனமாவோ, ஆளைப் பொருட்படுத்தாமலோ, மிஞ்சின பலத்தோடயோ செய்தாத்தான் ஃபவுல். தோளும் அப்பிடித்தான். ஆனா உள்ளரங்கில சறுக்கினா மற்றவரின்ர நிலைக்கால் கட்டாயம் மாட்டும், தளம் இழுத்துப் பிடிக்காது. அதாலதான் கனக்க ஃபவுல் ஊதுப்படுகுது.

சிவப்பு அட்டை 2 நிமிசம், அதுவும் நிறுத்து மணிக்கூட்டில. அனுப்பப்பட்டவர் திரும்ப வரமாட்டார், வேறொருவர் வரலாம். 5க்கு 4 நிக்கேக்கை ஐஞ்சு பேர் நிக்கிற ரீம் கோல் போட்டா, 2 நிமிசம் முடியாட்டியும் மற்ற ரீமுக்கு ஒராள் கூடலாம். 4க்கு 4 நிக்கேக்கை கோல் விழுந்தா ஒருத்தரும் கூடேலாது. 5க்கு 3 எண்டா விழுற ஒவ்வொரு கோலுக்கும் ஒராள் மட்டும் கூடலாம். குறைஞ்ச ரீமே கோல் போட்டா அப்பிடியே தொடரும். இதுக்கெண்டு தனி மணிக்கூடு மேசையில வேணும்.

வேற பழைய கதையளும் இருக்கு. கோல்கீப்பர் எறியிற பந்து நடுக்கோட்டைத் தாண்டக்கூடாது எண்டது போயிட்டுது. சமனா முடிஞ்சா மூண்டு மூண்டு உதை எண்டதும் 2020இல மாறி இப்ப ஐஞ்சு. பக்க உதையில நேரா கோல் போட்டாச் செல்லாது, அது மாறேல்லை.

கோல்காப்பு

10 மீற்றர் உதையில கோல்கீப்பர் கோட்டிலயே நிக்கிறதைக் கனபேர் செய்யினம். அது தண்ட உதைக்குத்தான் (6 மீற்றரில இருந்து, கோட்டில). 10 மீற்றரில பந்துக்கு 5 மீற்றர் கிட்ட வரலாம். கணக்குப் பாருங்கோ: கோல் 3 × 2. பந்துக்கும் கோலுக்கும் நடுவில நிண்டா நீங்கள் மறைக்கவேண்டிய சன்னல் பாதியாப் போகும், ஒண்டரை மீற்றர் அகலம், ஒரு மீற்றர் உயரம். ஒரு முழங்காலை மடிச்சு, மற்றக் காலைப் பக்கமா விரிச்சு, கையை அகட்டினா அதில பெரும்பங்கு அடைபட்டிடும். பாயத் தேவையில்லை. பாய்ஞ்சா நேரமும் காணாது.

அதுக்குத்தான் தளத்தில 5 மீற்றரைக் காட்டுற சின்னக் கோட்டையும் அளவுநாடா அண்ணை போடவேணும். அது இல்லாட்டி கோல்கீப்பர் ஒவ்வொரு தரமும் அரை அடி களவெடுப்பார். நானெண்டாலும் எடுப்பன்.

அளவுநாடா

போடுகிறோம். 40 சென்ரிமீற்றர் நீளம், 8 அகலம், புள்ளிக்கு நேர் முன்னால் 5 மீற்றரில்.

பிவோ_10

நாலு செக்கனைப் பற்றியும் சொல்லவேணும். பக்க உதை, மூலை உதை, சுயாதீன உதை, கோல்கீப்பரின்ர எறி எல்லாத்துக்கும் 4 செக்கன். பக்க உதை பிந்தினா மற்ற ரீமுக்குப் பக்க உதை. மூலை உதை பிந்தினா மற்ற ரீமின்ர கோல்கீப்பருக்கு எறி. கோல்கீப்பரின்ர எறி பிந்தினா மறைமுக உதை (நேரா கோல் போட்டாச் செல்லாது), தண்டப் பரப்புக் கோட்டில இருந்து. கோல்கீப்பர் தன்ர பாதிக்குள்ள கையாலயோ காலாலயோ 4 செக்கனுக்கு மேல வைச்சிருக்கவும் ஏலாது. விட்ட பந்தை எதிராளி தொடாமல் தன்ர பாதிக்குள்ள திருப்பி வாங்கவும் ஏலாது.

இந்த இரண்டு தடையும் எதிராளியின்ர பாதிக்குள்ள போனா இல்லை. இதுதான் கடைசி நிமிசங்களில பாக்கிற ஐஞ்சாவது ஆள் ஆட்டத்தின்ர திறப்பு. தோத்துக்கொண்டிருக்கிற ரீம் கோல்கீப்பரை எடுத்துப்போட்டு, கோல்கீப்பர் நிறச் சட்டையோட ஒரு ஆட்டக்காரரை இறக்கும். அவர் நடுக்கோட்டைத் தாண்டி நிண்டாத்தான் பந்தைத் திரும்பத் திரும்ப வாங்கலாம். எங்கட ரீமுகள் செய்யிற பிழை, அவர் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு அடி பின்னால நிண்டு வாங்கிறது. முதல் தரம் சரி, இரண்டாம் தரம் மறைமுக உதை.

ஆள் நிப்பாட்டுறது: பின்னுக்கு இரண்டு, நடுவில ஒராள், தூரக் கம்பத்தடியில இரண்டு பக்கமும் ஒவ்வொராள். எதிராளி நாலு பேரும் பெட்டி மாதிரி நிப்பினம். பந்து பக்கத்துக்குப் பக்கம் வேகமாப் போகேக்கை அந்தப் பெட்டி ஒரு அடி பிந்தி நகரும். அந்த ஒரு அடிக்குத்தான் தூரக் கம்பத்தில ஆள் நிக்கிறது. சுடவேண்டாம், தரையோட கடுமையாக் குறுக்கால விடுங்கோ, தட்டினாக் காணும். சட்டையை முதலே அடிச்சு வையுங்கோ, அவரின்ர சொந்த இலக்கத்தோட. கடைசி நேரத்தில கோல்கீப்பரின்ர ஈரச் சட்டையைக் கழட்டி மாட்டுறதுக்குள்ள அரை நிமிசம் போயிடும்.

பந்து பறிபோனா வெறுங்கோல். அதுக்காகவே எதிராளி பெட்டியின்ர முன் இரண்டு பேரும் எட்டி நிப்பினம்.

கோட்டைமுனை

இதெல்லாத்தையும் தாளில எடுக்கிறன். நாள் ஒழுங்கு எப்பிடி? எட்டு ரீம், இரண்டு பிரிவு.

மேசை மத்தியஸ்தர்

பிரிவுக்கு 6 ஆட்டம், இரண்டுக்கும் 12. அரையிறுதி 2, இறுதி 1. மொத்தம் 15. நாளுக்கு 4 ஆட்டம் வைச்சா எட்டு ரீமும் நாளுக்கு ஒருக்கா விளையாடும், மூண்டு நாளில பிரிவு முடியும். சனி, ஞாயிறு, அடுத்த சனி. அடுத்த ஞாயிறு காலமை 8க்கும் 10க்கும் அரையிறுதி, பின்னேரம் 6க்கு இறுதி. பிந்தின அரையிறுதியில வெண்ட ரீமுக்கும் ஆறு மணித்தியாலம் கிட்ட ஓய்வு கிடைக்கும்.

புள்ளி சமனா வந்தா ஆசியக் கிண்ணத்தில முதல் பாக்கிறது சமனான ரீமுகள் தங்களுக்குள்ள விளையாடின ஆட்டம், பிறகுதான் மொத்தக் கோல் வித்தியாசம். அதையே எடுங்கோ. கோல் வித்தியாசத்தை முதல் வைச்சா, பலவீனமான ரீமோட கடைசியா விளையாடுறவருக்கு இலாபம். விதியை முதல் நாளே எழுதிக் கதவில ஒட்டுங்கோ.

ஒரு ரீமுக்கு ஆட்டத்துக்கு 14 பேர், 5 களத்தில, 9 வெளியால. மூண்டு பேருக்குக் கீழ போனா ஆட்டம் நடத்தேலாது.

நாவற்குழிக் காத்து

மழைக் காலத்தில வைக்கலாமோ? கார்த்திகை, மார்கழியில மைதானமெல்லாம் சேறு, அப்பதான் உள்ளரங்குக்குச் சனம் வரும்.

பிவோ_10

வரும், ஆனா தளம் வேர்க்கும். ஈரக்காத்து, மூடின அரங்கு, இருநூறு பேரின்ர மூச்சு எல்லாம் சேர்ந்து வழுக்கும். கோல் இரண்டுக்கும் பின்னால ஆளுக்கொரு காய்ஞ்ச துடைப்பத்தோட இரண்டு பேரை நிப்பாட்டுங்கோ. ஆட்டக்காரர் விழுந்த இடத்தில உடல் அளவுக்கு வேர்வை ஒட்டும், அதுதான் அடுத்தவரை விழுத்துறது. கதவு சன்னலைத் திறந்து காத்தை ஓடவிடுங்கோ.

வெயில் காலத்தில எதிரி செம்மண் தூசி. சப்பாத்து தட்டையான றப்பர் அடியோட, அடையாளம் பதியாததா இருக்கவேணும். ஸ்ரட் சப்பாத்தை வாசலிலயே திருப்பி அனுப்புங்கோ. அந்த றப்பர் அடி தூசியில நடந்தா பவுடர் பூசினமாதிரி, பிடியே இல்லை. வாசலில ஈரச் சாக்கு ஒண்டு, அதுக்கு உள்பக்கம் காய்ஞ்ச சாக்கு ஒண்டு. றோட்டில போட்டுக்கொண்டு வாற சப்பாத்தோட ஒருத்தரையும் இறக்காதேங்கோ, பையில கொண்டுவரட்டும். ஆசியக் கிண்ணத்திலயே பாத்தியளெண்டா, பக்க உதைக்கு முதல் உள்ளங்கையால சப்பாத்தின்ர அடியைத் தேய்ச்சுப்போட்டு நிப்பினம்.

கோல்காப்பு

கோலைத் தளத்தோட ஆணி அடிக்க ஏலாதெண்டா பின்சட்டத்தில பக்கத்துக்கு இரண்டு மணல் மூட்டை. கோல்கீப்பர் கம்பத்தில தொங்கி எழும்புறவர். முன்னுக்குச் சரியிற கோல் ஆளைக் கொல்லும். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முதலும் ஒருக்கா இழுத்துப் பாருங்கோ.

கோட்டைமுனை

கடைசியா ஒண்டு. அரங்கு தாறவை ரேப்பின்ர பசை தளத்தில ஒட்டக்கூடாது எண்டு சொல்லினம். இரண்டு கிழமை இருக்கப்போகுது.

அளவுநாடா

பொதி கட்டும் ரேப்பை வாங்கவேண்டாம், அது பசையை விட்டுவிட்டுத்தான் வரும். தளத்துக்கான வினைல் ரேப் கேளுங்கள். முதலில் ஓர் ஓரத்தில் ஒரு முழத் துண்டு ஒட்டி, மூன்று நாள் விட்டுக் கழற்றிப் பார்த்து, அதை அரங்குப் பொறுப்பாளருக்கும் காட்டுங்கள். கழற்றும்போது மேலே தூக்கி இழுக்காமல், ரேப்பைத் தன்மேலேயே மடித்துத் தரையோடு தரையாகப் பின்னுக்கு மெதுவாக இழுங்கள். இறுதியாட்டம் முடிந்த இரவே கழற்றுங்கள், காலைவரை விட்டால் மிதிபட்ட ரேப் துண்டு துண்டாகத்தான் வரும். மிச்சம் நின்ற பசையில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தேய்த்து, பிறகு சவர்க்காரத் தண்ணீரால் இரண்டு தரம் துடையுங்கள். எண்ணெய் ஒரு துளி நின்றாலும் அடுத்த நாள் கூடைப்பந்துக்காரர் விழுவார்கள்.

திண்ணை

அந்த 14 சுருளில மிஞ்சுறதை என்னட்டைத் தாங்கோ. வாசல் கதிரையின்ர கால் ஆடுது.